வேலு என்று தொடங்கும் வாக்கியங்கள்

பழைய உலாவி இந்த மாதத்தோடு நிற்கிறது என்று அறிவிப்பு வந்தது. மூன்று வரி. இத்தனை ஆண்டுகள் உடன் இருந்ததற்கு நன்றி என்று ஒரு வரி. வேறு உலாவிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. நீட்சிகள் தாமாக மாறி வராது என்பது மூன்றாவது.

தயாளன் மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தார்.

அந்தக் காலத்தில் உலாவி கைபேசியில் இருக்கவில்லை. காதில் இருந்தது. தோடு அளவில் இரண்டு கருவி, கூடவே ஒரு கண்ணாடி. வெளியோசை எதுவும் நேராகக் காதுக்குள் போவதில்லை. உலாவி அதை வாங்கி, வடித்து, உள்ளே அனுப்பும். எதை வடிக்க வேண்டும் என்பதை நீட்சிகள் சொல்லும். லாரி ஹாரனைக் குறைக்க ஒன்று. கடைவீதி விளம்பரத்தை மறைக்க ஒன்று. அவர் மனைவி பவானியின் உலாவியில் ஏழு நீட்சிகள் இருந்தன. ஆறு எல்லோரிடமும் இருப்பவை. ஏழாவது பெயர் மறைப்பான்.

தயாளன் தன் கருவியை வீட்டுக்குள் கழற்றி வைத்துவிடுவார். பவானி தூங்கும்போது மட்டும் கழற்றுவாள்.

அவர்களுக்கு ஒரே மகன். வெற்றிவேல். வீட்டில் வேலு. இருபத்து நாலு வயதில் வாலாஜா தாண்டி நெடுஞ்சாலையில் இறந்தான். ஐந்து வருடம் ஆகிறது.

அதன்பின் பவானிக்கு அந்தப் பெயரைக் கேட்க முடியவில்லை. காய்கறி வண்டிக்காரர் பெயர் வேலு. எதிர்வீட்டில் கைக்குழந்தைக்கு அதே பெயர் வைத்தார்கள். கேட்ட இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை கேஸ் அடுப்பின் முன்னால் அப்படி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பு கருகியது.

"அந்தப் பேரு வேணாங்க," என்றாள். "எனக்குக் கேக்கவே வேணாம்."

தயாளன்தான் பெயர் மறைப்பானைத் தேடிக் கண்டுபிடித்தார். திண்டிவனத்தில் யாரோ ஒருவர் செய்து இலவசமாகப் போட்டிருந்தார். பெயரை மட்டும் எடுத்தால் அங்கே ஒரு பள்ளம் விழும், பள்ளமே பெயரைச் சொல்லிவிடும் என்று அவர் எழுதியிருந்தார். அதனால் அந்த நீட்சி வாக்கியத்தையே எடுத்துவிடும். பெயர் உள்ள வாக்கியம் முழுவதும் காதுக்குப் போகாது. அடுத்த வாக்கியம் போகும்.

அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போனார்கள். வெற்றிவேல் முருகனுக்கு என்று ஒருவர் கத்த, ஆயிரம் பேர் வாய் திறந்தார்கள். பவானிக்கு மணியோசை மட்டும் கேட்டது. நிம்மதியாகக் கும்பிட்டாள்.

இன்னொன்றைத் தயாளன் தற்செயலாகக் கண்டுகொண்டார். காலை ஏழு மணிக்கு அவர் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குவார். ஓய்வு பெற்றபின் வந்த பழக்கம். ஒருநாள் கொத்தவரங்காயைக் கையில் எடுத்ததும் வாய் தவறிவிட்டது.

"வேலு இதைத் தொடவே மாட்டான்."

பயந்து நிமிர்ந்தார். பவானி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே சொன்னார். "வேலு, இன்னிக்கு அவரைக்காய்." அவள் திரும்பவில்லை.

அதன்பின் தினமும் பேசினார். விதி எளிது. ஒவ்வொரு வாக்கியத்திலும் பெயர் இருக்க வேண்டும். ஒன்றில் விட்டால் அது அவள் காதில் விழுந்துவிடும். அதனால் எல்லா வாக்கியத்தையும் வேலு என்றே தொடங்கினார். வேலு, உன் வண்டியைக் கொடுத்துட்டேன். வேலு, உங்கம்மாவுக்கு முட்டி வலி. வேலு, மழையே இல்லடா.

பேசப் பேச மற்றதும் வந்தது.

வேலு இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். தயாளன் அவனிடம், வேற வேலை கிடைச்சப்புறம் இந்த வீட்டுக்குப் பேசு என்றார். இறந்த அன்று மாலை ஆறு நாற்பதுக்கு அவன் அழைத்தான். வெளியே போயிருந்த தயாளனின் கண்ணாடியில் அவன் முகம் வந்தது. கீழே பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. தயாளன் இரண்டையும் தொடவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தானாக மறைந்தது. ஆறு நாற்பத்திரண்டுக்கு மறுபடி. ஆறு ஐம்பத்தொன்றுக்கு மறுபடி. ஏழு பத்துக்கு லாரி. எதற்குக் கூப்பிட்டான் என்று இனித் தெரியாது.

"வேலு, மூணு தடவை வந்தே. வேலு, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வேலு, எடுத்திருந்தா பேசிக்கிட்டே ஓரமா நின்னிருப்பே."

இதை அவர் பவானியிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் தான் இருக்க முடியாது என்று நினைத்தார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஏழு மணியிலிருந்து ஏழரை வரை, அவளுக்கு நாலடி தூரத்தில், அவள் காதுக்குப் போகாத ஓர் இடம் அவருக்கு இருந்தது. அது மாத முடிவோடு நிற்கிறது.

உலாவி மாற்றும் மையம் காட்பாடி சாலையில் இருந்தது. கூட்டம். பக்கத்து மேசையில் ஒருவர், புது உலாவியில் ராகுகாலம் ஒரு மணி நேரம் தள்ளி வருகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இவர்களுக்குக் கிடைத்த பெண்ணின் பெயர் ரெஹானா. முப்பது வயது இருக்கும். பேசிக்கொண்டே இரண்டு கையாலும் தட்டினாள்.

"பாஸ்வேர்டு, பழைய பதிவு, நீங்க குறிச்சு வெச்ச பக்கம் எல்லாம் வந்துடுச்சு ஆன்ட்டி. எக்ஸ்டென்ஷன் மட்டும் புதுசா போடணும். என்னென்ன வேணும்?"

பவானி ஆர்வமாக முன்னால் நகர்ந்தாள். "பஸ் போர்டைப் படிச்சுக் காட்டறது வேணும். எழுத்து பெருசா தெரியணும். சீரியல்ல யாராவது முழிச்சுப் பாத்தா டம் டம்னு அடிப்பான் பாரு, அதைக் குறைக்கறது."

"போட்டாச்சு. சாருக்கு?"

"அவருக்கா? நான் பேசறதைக் குறைக்கற மாதிரி ஏதாவது இருந்தா போடும்மா."

"இருக்கு ஆன்ட்டி. நிறைய அங்கிள்ங்க கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

பவானி சிரித்தாள். தயாளனும் சிரித்தார்.

"ஏழாவது ஒண்ணு இருக்கே. பெயர் மறைப்பான்." ரெஹானா திரையைப் பார்த்தாள். "இது புதுசுல வராது. செஞ்சவர் விட்டுட்டார் போல. இதே மாதிரி வெளிநாட்டுக் கம்பெனியோடது ஒண்ணு இருக்கு. போடவா? என்ன பேரு?"

பவானி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். தயாளன் ஒரு தாளில் எழுதி, மடித்து, நகர்த்தினார்.

ரெஹானா பிரித்துப் படித்தாள். தட்டினாள்.

"காதுல மாட்டிக்கங்க ஆன்ட்டி. சோதிச்சுப் பாத்துடலாம். வீடு வேலூர்ல எந்தப் பக்கம்?"

பவானி அவளையே பார்த்தாள்.

"ஆன்ட்டி? வேலூர்ல எங்க இருக்கீங்க?"

"ஏன்மா சும்மா வாயசைக்கறே?"

ரெஹானா புருவம் சுருக்கினாள். "சத்துவாச்சாரியா?"

"ஆமா. ரெண்டாவது தெரு."

"வேலை பாத்தீங்களா, வீட்லயா?"

பவானி திரும்பித் தயாளனைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

ரெஹானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "சார், இதுக்குத் தமிழ் தெரியல. நாம பேசறதை எழுத்தாக்கித்தான் பாக்கும். கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் அதுக்குக் கணக்கில்ல. வே-ல-ன்னு ஆரம்பிச்சா எல்லாத்தையும் தூக்குது. வேலூர் போச்சு, வேலை போச்சு, வேலி போச்சு. ஊரே போயிடுச்சு ஆன்ட்டிக்கு. அந்தப் பேரையாவது ஒழுங்கா மறைக்குதான்னு பாக்கலாம். நீங்க ஒருதரம் சொல்லுங்க."

"நானா?"

"உங்க குரல்லதான் பாக்கணும். வீட்ல நீங்கதானே பேசப் போறீங்க."

தயாளன் பவானியின் பக்கம் திரும்பினார். ஐந்து வருடத்தில் அவள் முகத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னதில்லை. காயைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

"வேலு, இன்னிக்கு வெயில் அதிகம்."

பவானியின் முகம் மாறியது. கை தானாகக் காதுக்குப் போனது.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"வாய் அசைஞ்சுது. ஒண்ணும் கேக்கலையே. என்ன சொன்னீங்க?" அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஏங்க, என்ன சொன்னீங்க?"

"சோதிச்சோம். அவ்வளவுதான்."

அவள் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி," என்றாள் ரெஹானா. "பழைய ஆளு எந்த வார்த்தையெல்லாம் விடலாம்னு ஒரு பட்டியல் எழுதி வெச்சிருப்பார். அதைத் தேடி இதுல ஏத்திட்டா சரியாயிடும். பத்து நிமிஷம். வெளிய ஃபேன் கீழ உக்காருங்க."

பவானி எழுந்து போனாள். கதவருகே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தயாளன் உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் அவர் வாய் அசைந்திருக்கிறது. அரை மணி நேரம். நாலடி தூரம். அவள் ஒருநாளும் என்ன சொன்னீங்க என்று கேட்டதில்லை. அதை அவர் இதுவரை யோசித்ததில்லை.

"பட்டியல் கிடைச்சுது சார். பாவம், ஒவ்வொண்ணா எழுதியிருக்கார். வேலூர், வேலூரில், வேலூருக்கு, வேலை, வேலைக்கு, வேலைக்காரி..." ரெஹானா நிறுத்தினாள். "சார், இது ஆஃப்ல இருக்கே."

"எது?"

"பெயர் மறைப்பான். பழையதுல. இருக்கு, ஆனா ஓடல."

"இன்னிக்கு மாத்தும்போது அணைஞ்சிருக்கும்."

"இல்ல சார். தேதி இருக்கு." அவள் குனிந்து படித்தாள். "நாலு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு."

தயாளன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏதாவது கோளாறா இருக்குமோன்னு பாத்தேன். கோளாறு இல்ல. குரல்ல சொல்லி அணைச்சிருக்காங்க."

"யார் குரல்?"

"அவங்க உலாவி. அவங்க குரலுக்குத்தான் கேக்கும். காலைல ஏழு இருபது. என்ன சொன்னாங்கன்னும் இருக்கு. படிக்கவா?"

அவர் தலையசைத்தாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"'இனிமே மறைக்க வேணாம். அவர் என்னமோ பேசறாரு.'"

பக்கத்து மேசைக்காரர் ராகுகாலத்தை விட்டு எமகண்டத்துக்கு வந்திருந்தார்.

தயாளன் கணக்குப் போட்டார். பெயர் மறைப்பான் ஓடியது பத்து மாதம்கூட இல்லை. மூன்று முறை முகம் வந்ததைப் பற்றி அவர் முதலில் பேசியது எப்போது என்று நினைவில்லை. முதல் வருடத் திதிக்குப் பிறகுதான். அது நிச்சயம். அப்படியென்றால் முதல் முறையே கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் எத்தனையோ முறை. கேட்டுக்கொண்டே தேங்காய் துருவியிருக்கிறாள். கேட்டுவிட்டு அவருக்குக் காப்பி கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

அடுத்தடுத்த ஆடிக் கிருத்திகைகளில் மலையில் அவள் கண் கலங்கியது. கற்பூரப் புகை என்றாள். அவர் நம்பினார்.

"சார்?"

"சொல்லும்மா."

"புதுசுல எப்படி வைக்கட்டும்? பட்டியல் ஏத்திட்டேன். ஆன் பண்ணா இப்ப சரியா ஓடும். அந்தப் பேரு மட்டும்தான் மறையும்."

ஆன் செய்யச் சொன்னால் அவருக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கும். இந்த முறை உண்மையாகவே. அவள் காதுக்கு எதுவும் போகாது. அவர் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பவானி மின்விசிறிக்குக் கீழே கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்தபடியே இருக்கட்டும்மா," என்றார்.

"ஆஃப்லயா?"

"இருந்தபடியே."

வெளியே வந்ததும் பவானி கருவிகளை வாங்கி மாட்டிக்கொண்டாள். படி இறங்கினாள். பிறகு கேட்டாள்.

"அது வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"ஓடுதா?"

"ஓடுது."

அவள் தலையசைத்தாள். பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தயாளன் காய் நறுக்க உட்கார்ந்தார். முருங்கைக்காய். வாய் திறந்தது. பெயர் தொண்டைவரை வந்தது. பவானி அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். அவள் முதுகு கேட்கத் தயாராக இருப்பது இப்போது அவருக்குத் தெரிந்தது. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அவள் தாளிப்பதை நிறுத்தி வைத்துவிட்டு, சத்தம் வராத வேலையாகச் செய்வாள். கீரை ஆய்வாள். அரிசியில் கல் பொறுக்குவாள். ஏழு மணிக்கு அந்த வீட்டில் மிக்ஸி ஓடியதே இல்லை.

அவர் வாயை மூடிக்கொண்டார். முருங்கைக்காயை நறுக்கி முடித்தார்.

இரண்டாம் நாளும் பேசவில்லை. பவானி கீரையை ஆய்ந்து முடித்தபின், ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"ரொம்ப அமைதியா இருக்கீங்க."

"எப்பவும் போலத்தான்."

அவள் மேலே கேட்கவில்லை. கேட்க அவளுக்கும் வழியில்லை.

மூன்றாம் நாள் பகலில் அவள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். ஆள்காட்டி விரல் காற்றில் ஒவ்வொன்றாகத் தள்ளியது. பட்டியல் பார்க்கிறாள் என்று தயாளனுக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதில் விரல் நின்றது. ஓடுகிறது என்று அவர் சொன்ன ஒன்று ஓடாமல் இருப்பதை அவள் பார்த்தாள். பழையதில் அவள் எப்படி வைத்திருந்தாளோ அப்படியே.

விரல் வெகுநேரம் காற்றில் நின்றது. எதையும் தொடாமல் இறங்கியது.

அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவள் எழுந்து உள்ளே போனாள். அன்று இரண்டு பேரும் சோறு வேண்டுமா, போதுமா என்பதற்குமேல் பேசவில்லை.

நான்காம் நாள் காலையில் அவர் சமையலறைக்கே போகவில்லை. காய் முழுசாகவே கூடையில் இருந்தது. பவானி தானே நறுக்கும் சத்தம் கேட்டது. வேகமில்லாத சத்தம். அவர் வாசல் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் இல்லை. வெறும் காது.

பகல் ஒரு மணிக்குத் தட்டு வைக்கும் ஓசை வந்தது. எப்போதும் சாப்பிட வாங்க என்று குரல் வரும். வரவில்லை. குழாய் திறந்து மூடியது. பிறகு அவள் சொன்னாள். சத்தமாக இல்லை. பக்கத்தில் நிற்கும் ஒருவனிடம் சொல்வதுபோல.

"வேலு, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

தயாளன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்படி அவள் முன்பு சொல்வதுண்டு. அவன் இருந்தபோது. இருவருக்கும் சண்டை வந்தால் நாள் கணக்கில் நேராகப் பேச மாட்டார்கள். நடுவில் அவனை நிறுத்திவைத்து, உங்கப்பாகிட்ட சொல்லு, உங்கம்மாகிட்ட சொல்லு என்பார்கள். அவன் அந்தக் கூடத்தில் நின்று, ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல என்று கத்துவான்.

இப்போது யாரும் கத்தவில்லை. அவர் எழுந்து சமையலறை வாசல்வரை போனார். பவானி திரும்பவில்லை. மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தாள்.

"வேலு, உங்கப்பாகிட்ட சொல்லு." துணி நின்றது. "அன்னிக்கு மொத ஃபோன் அவருக்கு வரல. எனக்குத்தான் வந்துச்சு. ஆறரைக்கு."

அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"வேலு, நான் விளக்கேத்திட்டு இருந்தேன்னு சொல்லு. கையெல்லாம் எண்ணெய். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டேன்னு சொல்லு. நான் எடுக்காததாலதான் நீ அவருக்குப் பண்ணேன்னு சொல்லு."

துணியைப் பிழிந்தாள். தண்ணீர் வரவில்லை. மறுபடி பிழிந்தாள்.

"சோறு ஆறுதுன்னும் சொல்லு."